காய்களை அடுக்கியவன்

ஆகஸ்ட் பதினைந்தும் பதினாறும் காரைக்காலில் அடுத்தடுத்து விடுமுறை. அந்த இரண்டு நாட்களில்தான் நாங்கள் கேரம் போட்டி நடத்துவோம். எழுபதுகளின் நடுவில் தொடங்கியது. நான் ஆசிரியராக இருந்த பள்ளியின் நீளமான கூடத்தில் ஆறு பலகைகள் போடுவோம். நாகப்பட்டினம், மாயவரம், கும்பகோணத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து ஆட வருவார்கள். மின்விசிறி போட்டால் போரிக் பவுடர் பறக்கும் என்று அணைத்துவிடுவதால், எல்லாரும் சட்டை நனைய ஆடுவோம்.

நடத்தியது முக்கியமாக இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் திருமலைராயன்பட்டினத்தில் மாமாவின் துணிக்கடையில் இருந்தவர். என்னைவிட நான்கு வயது இளையவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். ஆட்ட அட்டவணை போடுவது அவர் வேலை. பதினைந்தாம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாள் என்பதால், என்னைப் போன்ற கத்தோலிக்கர்கள் பூசைக்குப் போய்விட்டு நிதானமாக வரட்டும் என்று, காலை பத்து மணிக்கு முன்னால் எங்கள் யாருக்கும் அவர் ஆட்டம் வைத்ததில்லை. நான் கேட்டு அல்ல. அவராகவே செய்தது.

எங்கள் போட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் வந்தவர் காய்களைப் பலகையின் நடுவில் அடுக்கினால், அந்த நிமிடத்திலிருந்து கணக்கு. பதினைந்து நிமிடத்துக்குள் எதிராளி வராவிட்டால் வாக்ஓவர், வந்தவருக்கே வெற்றி. விதி அவ்வளவுதான். ஆனால் எதிராளி வாசலில் தெரியும்வரை யாரும் அடுக்க மாட்டோம். காய்கள் குவியலாகவே கிடக்கும். பஸ் தாமதமாகி ஒரு மணி நேரம் காத்திருந்தவர்கள்கூட உண்டு.

ஒவ்வொரு வருடமும் அவரிடம் நான் தோற்றேன். நோன்பு பிடித்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் ஆடிய வருடமும் என்னைத் தோற்கடித்தார். நடுவராக இருந்த தபால்காரர் வாய் சும்மா இருக்காது.

"சார், புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தரீங்க. இந்தக் கோணம் மட்டும் பாய்க்குத்தான் தெரியுது போல."

என் மாணவர்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஐந்தாம் வருடம் அவர் நிலைமை வேறு. மாமா கடையை மூடப்போகிறார். சவூதிக்கு விசா ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. அவருக்குச் சபர், அதாவது வெளிநாடு, போக விருப்பமில்லை. கைக்குழந்தையோடு மனைவி வீட்டில். எங்கள் போட்டியில் முதல் இரண்டு இடம் பெறுபவர்களைப் புதுச்சேரியில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அனுப்புவோம். அங்கே ஆடியதற்குச் சான்றிதழ் கிடைத்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். அவருக்கு இருந்த ஒரே வழி அது.

"இந்தத் தடவை அட்டவணையை நீங்களே போட்டுடுங்க சார். ஜெயிக்கணும்னு ஆடுறவன் அதைத் தொடக் கூடாது" என்றார்.

நானும் ஆடுகிறவன்தான். அது எனக்கு உறைக்கவில்லை.

சீட்டுக் குலுக்கியதில் காலிறுதியில் நானும் அவரும் சேர்ந்தோம். அதில் சூது எதுவும் இல்லை. நேரத்தை ஒரு மணி என்று எழுதினேன். அந்த வருடம் பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் அப்படி விழுந்ததில்லை. என் பூசை நேரத்தை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன். இதுவரை நடந்தது மறதி.

காலையில் சுவரில் ஒட்டியதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்தார்.

"சார், ஒரு மணின்னு போட்டிருக்கீங்களே. இன்னிக்கி ஜும்ஆ."

"அதனால என்ன பாய்? தொழுதுட்டு வாங்க. நான் எங்க போயிடப் போறேன்."

"காயை நீங்க அடுக்க மாட்டீங்கன்னு தெரியும். சும்மா காதுல போட்டு வைச்சேன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஒரு மணிக்குப் பலகை முன் உட்கார்ந்தேன். காய்கள் குவியலாகக் கிடந்தன. என் மாணவர்கள் நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். இன்னும் சற்று நேரத்தில் இவர்கள் முன்னால் மறுபடியும் தோற்கப்போகிறேன் என்று நினைத்தேன். கை தானாகப் போனது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை தானாகப் போகாது. சிவப்பை நடுவில் வைத்தேன், சுற்றிலும் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வைத்தேன். ஒவ்வொரு காயையும் பார்த்துத்தான் வைத்தேன்.

தபால்காரர் குனிந்து, "சார், பாய் பள்ளிவாசல்லதானே இருக்காரு?" என்றார் மெதுவாக.

"விதி விதிதானே" என்றேன்.

ஒன்று இருபதுக்கு ஓடி வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. அடுக்கிய காய்களைப் பார்த்தார். தபால்காரர் தாளில் எழுதிவிட்டிருந்தார். பாய் பலகை ஓரத்தில் சிந்தியிருந்த பவுடரை விரலால் துடைத்துவிட்டு, "நல்லா ஆடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அரையிறுதியில் ஒரு கும்பகோணத்துப் பையனிடம் மூன்றே போர்டில் தோற்றேன்.

இரண்டு மாதத்தில் அவர் சவூதி போனார். மூன்றாம் வருடம் விடுப்பில் வந்தவர் போட்டி நாளன்று கூடத்துக்கு வந்தார். இளைத்திருந்தார். விரல்களில் சிமென்ட் வேலை தெரிந்தது. ஒரு ஆட்டம் போடலாம் என்று வற்புறுத்தி உட்காரவைத்தேன். காய்களைத் தொடாமல் இருந்தேன்.

"அடுக்குங்க சார். அதான் ஆள் வந்தாச்சே" என்றார்.

அன்று நான் செய்தது தப்பு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடுக்கினேன். அன்று நான்தான் ஜெயித்தேன். அவர் விரல் மடங்கவில்லை.

அடுத்த வருடம் அங்கேயே இறந்துபோனார். அடக்கமும் அங்கேயே. அவர் மனைவியின் தம்பி பள்ளிக்கு வந்து செய்தி சொன்னார். போகும்போது தன் அக்காவைப் பற்றிச் சொன்னார்:

"ராத்தாதான் சார் ஓயாம சொல்லி அழுவுது. 'அன்னைக்கி வழியில யார்கிட்டயோ பேசிட்டு நின்னு லேட்டாப் போனேன்னாரே. நேரத்துக்குப் போயிருந்தா இங்கயே இருந்திருப்பாரே'ன்னு."

அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருமலைராயன்பட்டினத்துக்கு ஆறு கிலோமீட்டர். அந்த வீட்டுக்குப் போய், உங்கள் கணவர் மேல் தவறில்லை, நான்தான் காத்திருக்கவில்லை என்று சொல்ல ஒரு சைக்கிள் போதும். நான் போகவில்லை. போட்டியை மட்டும் அந்த வருடத்தோடு நிறுத்தினேன். பலகை தேய்ந்துவிட்டது, ஆள் வருவதில்லை என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

சென்ற மாதம் அந்த அம்மாவும் காலமானார் என்று கேள்விப்பட்டேன். கணவர் மேல் அந்தக் குறையோடுதான் போயிருப்பார்.