வைக்கோல் தீயில் காட்டிய பிரேசில் டிரம்

நேற்று மரக்காணம் உப்பளத்தை ஒட்டி பஸ் போகும்போது யாரோ பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பிரேசில் ஞாபகம் வந்தது. பிரேசிலுக்கு நான் போனதில்லை. விழுப்புரத்தைத் தாண்டினாலே எனக்கு வயிறு சரியிருக்காது.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஆரோவில்லில் மொழிபெயர்ப்பாளர் வேலை. என் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் சீக்கிரமே கைச்சாடைக்கு மாறிவிடுவார்கள். மாறாதவள் லூசியா. பிரேசில்காரி. இறந்துபோன அப்பாவின் டிரம்மை, அண்டா அளவு பெரியதை, தோளில் மாட்டி வாசிப்பாள். அவள் ஊர்ப் பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டே அவளைத் துளைத்தேன். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு தாளம் வந்தது, போர்ச்சுகீசியர் கப்பலில் குட்டிக் கிடார் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை என்றாள். அதே போர்ச்சுகீசியர் எங்களுக்கு விட்டுப்போனது ஜன்னல், சாவி, அலமாரி என்றேன். மூன்று சொல்லுமே அவளுக்குப் புரிந்தன. அவர்களுக்குக் கிடார், நமக்கு மரச்சாமான். இன்று நினைத்தாலும் கொஞ்சம் பொறாமைதான்.

மரக்காணத்து உப்பளக்காரர்களின் அம்மன் திருவிழாவில் பறைக்குழுவோடு வாசித்துவிட்டு அவள் ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. திருவிழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. உப்பு வாருகிற சேகர்தான் குழுவின் தலைவன். கடல் காற்றில் தோல் தொய்ந்துவிடும் என்பதால் வைக்கோலைக் கொளுத்தி, தோல் விறைக்கும்வரை பறைகளைக் காய்ச்சினான். லூசியா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். விருந்தாளியின் டிரம்மைக் காய்ச்சாமல் விடுவது மரியாதை இல்லை என்று அதையும் தீயில் காட்டினான்.

அது பிளாஸ்டிக் தோல். அப்பளம் மாதிரி சுருண்டது.

"இன்னாப்பா தோலு இது? எந்த மாட்டுது?" என்றான்.

"ஃபேக்டரி மாடுடா" என்றேன்.

லூசியா வந்து பார்த்தாள். அழவில்லை. விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள். மாற்றுத் தோல் அவளிடம் இல்லை. பிறகு மெதுவாக, "நீங்களும் தீயில் காட்டுவீர்களா?" என்று கேட்டாள். அப்பா பிறந்த ஊரில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் தோல் டிரம்மை இப்படித்தான் தீயருகே வைப்பார்களாம். அப்பா பட்டணம் வந்த பிறகு பிளாஸ்டிக்.

ஒரே பழக்கம் இரண்டு சமுத்திரத்தின் கரையில் எப்படி முளைத்தது? நான் ஒரு சித்தாந்தம் ஆரம்பித்தேன். அது முடிவதற்குள் சேகர் பதப்படுத்திய கன்றுத்தோல் ஒன்றோடு வந்துவிட்டான். ஊறவைத்து, டிரம் வளையத்தில் இழுத்துக் கட்டி, உப்புப் பாத்தி வரப்பில் காய வைத்தான்.

மறுநாள் திருவிழாவில், பாட்டுக்குப் பாட்டு அவளே டிரம்மைத் தீயருகே கொண்டுபோனாள்.

"பாத்துங்க மேடம், ரொம்பக் கிட்டக் காட்டாதீங்க. இதுவும் போச்சின்னா அப்புறம் என் தோலதான் உரிக்கணும்" என்றான் சேகர்.

மொழிபெயர்த்தேன். சிரித்தாள். அடித்தபோது கீழே மண் அதிர்ந்தது. "அப்பா சின்ன வயதில் கேட்டது இந்தச் சத்தம்தானா?" என்று என்னைக் கேட்டாள்.

இப்போது சேகர் குழுவின் பறைகளிலும் பிளாஸ்டிக் தோல்தான். பனிக்கும் தொய்வதில்லை, வைக்கோல் தேட வேண்டியதில்லை. "வேல மிச்சம்பா" என்கிறான். சரிதான். எங்கள் திருவிழாவில் இப்போது யாரும் தீ மூட்டுவதில்லை. மரக்காணத்துக் கன்றுத்தோல் ஒன்று மட்டும் பிரேசிலில் எங்கோ இருக்கிறது. மழை நாளில் அது தொய்ந்தால் லூசியா என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.