பாவுக்கு வழிவிட்ட கார்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் அகலத்துக்கு ஒரு சைக்கிளும் ஒரு சண்டையும்தான் தாங்கும். அதில் டிக்கி வைத்த காரைக் கொண்டுவந்து நிறுத்தினார் என் வீட்டுக்காரர். சென்னைக்குச் சேலை கொண்டுபோக வசதியாம்.

விடிந்தால் இங்கே யாராவது ஒருவர் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, அறுந்ததைப் பிணைத்துச் சுருட்ட வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்துக் கைகள் வேண்டும். கார் வந்த பிறகு, பாவு நீட்டும் இடத்தை அடைத்த கோபத்தில் எங்கள் பாவுக்கு ஒவ்வொரு கையாகக் குறைந்தது. கடைசிப் பாவுக்கு நாங்கள் இருவர் மட்டும் நின்று இழையைச் சிக்கலாக்கினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த பாவுக்கு முன் கார் போகாவிட்டால் தறி சும்மாதான் கிடக்கும்.

காரை விற்கப் போனில் படம் போட்டோம். ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் வருவதாகச் சொன்னார். நல்ல நேரம் பார்த்துக் காலையிலேயே வரச் சொன்னேன். அன்று எதிர்வீட்டு அக்காவின் பாவு என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அவர் வந்தபோது சுவரை ஒட்டிக் கார் நிற்க, அதை உரசாத குறையாகப் பாவு நீண்டிருந்தது. ஓட்டிப் பார்க்க வழியில்லை. "ஸ்டார்ட்டாவது பண்ணுங்க" என்றார்.

"புகை பட்டா பட்டு என்னாவறது?" என்றார் அக்கா.

சும்மா நிற்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர் தன் தறிப் புத்தியைக் காட்டினார். சேலையை விரித்தால் குறையை முதலில் தொட்டுக் காட்டுகிற மனிதர். "இங்க ஒரு கீறல் சார். ஏசி ஊதும், குளிராது. பின்கதவ உள்ளேந்து தொறக்க முடியாது."

வந்தவர் முகம் சுருங்கியது. எனக்கு இவர் வாயில் நூல்கண்டை அடைக்கலாமா என்றிருந்தது.

அப்போதுதான் அக்கா இழையைப் பிடித்தபடியே ஆரம்பித்தார். தினமும் அந்தக் காரைச் சனியன் என்று திட்டுகிற அதே வாய். "அவரு கெடக்கறாருப்பா. ராசியான வண்டி. எம் பேரன் ஆஸ்பத்திரிலேந்து இதுலதான் வந்தான். எங்கயும் ஓடாம நின்னுக்கினே இருக்குது, புதுசு மாதிரி."

தெருவே ஆமாம் போட்டது.

ஐயம்பேட்டைக்காரர் யோசித்தார். "விக்கறவரு குறை சொல்றாரு, அக்கம்பக்கம் நல்லதா சொல்லுது. இத எங்கயும் பாத்ததில்ல" என்றார். பாவு சுருட்டியதும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அந்த வாரமே பேப்பர் மாற்றி எடுத்துப்போனார். கார் தெருமுனை திரும்பியபோது மனசு என்னவோ செய்தது. அது வேறு விஷயம்.

அடுத்த பாவு எங்களுடையது. நான் கூப்பிடாமலே தெரு முழுக்க வந்து நின்றது. முதல் ஆளாக வந்து மறுமுனையைப் பிடித்தவர் அக்காதான்.

"ஏம்மா, வெள்ளிக்கிழம திருப்பருத்திக்குன்றத்துல பொண்ணு பாக்கப் போறோம். கார இப்ப எங்க நிறுத்தறீங்க? உங்க வீட்டுக்காரர எடுக்கச் சொல்லேன்."

"வித்தாச்சேக்கா. நீங்கதானே வித்துக் குடுத்தீங்க."

"அந்தாளுக்கு எதிர்ல உங்கள விட்டுக் குடுக்கக் கூடாதேன்னு ரெண்டு வார்த்த சொன்னேன். நெஜமாவே குடுத்துடுவீங்கன்னு யாருமா கண்டா? இப்ப சம்பந்தி வீட்டுக்கு ஷேர் ஆட்டோவுலயா போய் எறங்கறது?"

'சனியன்னு திட்டினது யாரு' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அக்கா இரண்டு கையாலும் என் பாவை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நல்ல டாக்சியா நானே சொல்லி வெக்கறேன்க்கா" என்றேன்.