தல்லாகுளத்தில் கேட்ட மிசௌரிக் கதை

எங்கள் சரித்திர சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இந்த முறை மதுரையில், தல்லாகுளத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்து முடிகிறது. அந்தக் காலத்து அமெரிக்காவில் மிசௌரி ஆற்றில் படகேறி மேற்குக் கடலைத் தேடிப் போனவர்களைப் பற்றிய பேச்சு. திருநெல்வேலி திரும்ப ஸ்டேஷனுக்குக் குதிரை வண்டி ஏறுகிறேன். வண்டிக்காரர் முத்தையாவும் ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறார்.

"ஐயா, கைப்பிள்ளையோட அவுக கூடப் போன பொம்பளை, சின்ன வயசுல எதிரிக தூக்கிட்டுப் போன பிள்ளைன்னாகளே. அம்புட்டு வருஷம் கழிச்சு, போற வழியில சொந்தச் சனத்துல அண்ணனைப் பார்த்தப்ப, யாரு யாரை அடையாளம் கண்டது?"

"அவள்தான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாளாம்."

"அண்ணன்கிட்டயே தங்கிருச்சா?"

"இல்லை. கூட வந்தவர்களோடு போய்விட்டாள்."

வண்டி வைகைப் பாலத்தைத் தாண்டுகிறது. கீழே மணலில் வேட்டிகள் காய்கின்றன. ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் சொல்கிறார். அவருடைய தங்கச்சி பதினாலு வயதில் கல்யாணமாகி ரங்கூன் போனவள். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கடுதாசியே இல்லை.

"இப்ப எதுத்தாப்ல வந்து நின்னாலும் எனக்குத் தெரியாதுய்யா. அவளுக்கு என்னையத் தெரியும்ல?"

"தெரியும்" என்கிறேன்.

ரங்கூன் கப்பல்கள் வந்து சேரும் மதராஸிலிருந்து ரயில் வந்து நிற்கிறது. மூட்டைகளோடு ஜனங்கள் வெளியே வருகிறார்கள். முத்தையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் வெயில் விழும்படி வாசலுக்கு நேரே போய் நிற்கிறார்.