அடுக்கின் தலை

பலவற்றை ஒன்றாக்குவது என்றால் யாரை இல்லாமல் ஆக்குவது? திகோர் சிமாமோராவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். பாத்தாம் தீவில் உள்ள எங்கள் தொழிற்சாலையின் குளிர் அறையில் சுவிட்ச் பெட்டிகள் ஒவ்வொன்றின் மீதும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தபடி நிற்பார். இயந்திரங்களும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அந்தப் பெட்டிகள் வழியாகத்தான்.

"அண்ணே, காய்ச்சல் இருக்கா? கஷாயம் வெக்கட்டுமா?" என்பான், அவருடன் வேலை பார்த்த ருஸ்டி.

"உன் வாய்க்குத்தான்டா வெக்கணும்."

திகோர் பாதாக் இனத்துக் கிறிஸ்தவர். பன்றியிறைச்சி இல்லாத ஞாயிறு அவருக்கு ஞாயிறே அல்ல. ருஸ்டி மலாய் முஸ்லிம். அவனோடு ஒரே படிக்கட்டில் அமர்ந்து உண்பதற்காக, வேலை நாட்களில் மீன் மட்டுமே கட்டிவருவார். இதை நற்குணம் என்று சொல்லத் தயங்குகிறேன். மீன் அவருக்குப் பிடித்தும் இருக்கலாம்.

சென்ற ஆண்டு, தனித்தனியே இயங்கிய பெட்டிகளை ஒரே அடுக்காகக் கோக்கச் சொன்னது நிர்வாகம். அடுக்கில் ஒன்று தலை. மற்றவை அது சொன்னபடி நடக்கும். அந்தக் கணக்கை மேலாளர் ஆட்களுக்கும் நீட்டினார். "பெட்டி எல்லாம் ஒண்ணாயிட்டா ஆளும் ஒருத்தர் போதுமே. வேலை முடியட்டும், யாருன்னு சொல்றேன்."

அன்று முதல், தம்மில் ஒருவரைத் தேவையற்றவராக்கும் வேலையை இருவரும் சேர்ந்தே செய்தார்கள். திகோருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்தத் தீவில் அந்த வயதுக்கு யாரும் வேலை தருவதில்லை. ருஸ்டிக்குக் கைக்குழந்தை.

கடைசிப் பெட்டி வேறொரு கிளையிலிருந்து வந்த பழையது. கிடங்கில் வேலை பார்க்கும் நான்தான் அதைத் தூக்கிப்போனேன்.

"மச்சான், இது அங்க தலையா இருந்தது. அந்தத் திமிர் உள்ள இன்னும் இருக்கும்," என்றார் திகோர் என்னிடம். "கரண்டை நிறுத்திட்டுத்தான் அடுக்குல சேக்கணும். உயிரோட சேத்தா, நாந்தான் தலைன்னு ஏறி உக்காந்துக்கும். இங்க உள்ளதெல்லாம் அழிஞ்சு போயிடும்."

"நூறு தடவ சொல்லியாச்சு, அண்ணே," என்றான் ருஸ்டி.

மறுநாள் காலை அவன் கையாலேயே அது நடந்தது. எல்லாத் தளங்களும் ஊமையாயின. மாலை வரை உற்பத்தி இல்லை. போகவேண்டியது யார் என்று மேலாளர் யோசிக்கவே இல்லை. ருஸ்டி இப்போது படகுத்துறையில் மூட்டை தூக்குகிறான். திகோர் இன்றும் மீன்தான் கொண்டுவருகிறார். படிக்கட்டுக்குப் போவதில்லை, குளிர் அறைக் கதவருகே நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிறார்.

ஒருமுறை கேட்டேன். "மச்சான், அன்னிக்கு நீங்க பாத்தீங்கதானே?"

"மீன்ல உப்பு கம்மி," என்றார்.

அந்தக் காலையில் நானும் வாசலில் நின்றிருந்தேன். பெட்டியைச் சோதித்துப் பார்த்த ருஸ்டி அதை அணைக்க மறந்திருந்தான். அடுக்கின் பின்பக்கம் குனிந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, கம்பியைச் செருகப் போனான். அந்தப் பழைய பெட்டியின் முன்பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எதைக் குறிக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. திகோர் விளக்கைப் பார்த்தார். வாய் திறந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெல்லத் துடைக்கத் தொடங்கினார்.