கண்ணாடிக்குக் கீழே ஒரு தெரு

கொற்கைப் பக்கம் வாழைத்தோட்டத்துக்கு அடியில் ஒரு தெருவே இருக்கிறது என்று அம்மா சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. முத்து வாங்க வந்தவர்கள் நடந்த தெருவாம். தோண்டியெடுத்து, மேலே கண்ணாடித்தளம் போட்டிருந்தார்கள்.

அங்கே வைத்துச் சித்தியைப் பெண் பார்க்கப்போகிறார்கள் என்பதை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனவர்களைத் தூத்துக்குடியில் எங்கள் தெருவே எண்ணி வைத்திருந்தது. அதனால் இந்த முறை தற்செயலாகச் சந்திப்பதுபோல் ஓர் ஏற்பாடு. சித்திக்கு இடதுகால் கொஞ்சம் கட்டை. ஒரு பக்கம் அடி உயர்த்தித் தைத்த செருப்பில் அது தெரியாது. முதலில் பெண்ணைப் பிடிக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது அம்மாவின் கணக்கு.

கண்ணாடியில் ஏறும் இடத்தில் காவலாளி மறித்தார். "செருப்ப இங்கன கழத்திப் போடுங்க."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. எதிரே நீலச்சட்டை போட்ட மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். நல்லவேளையாக, கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்து நான் அழத் தொடங்கினேன்.

"ஏளா, பிள்ளையத் தூக்கிக்கோ," என்றாள் அம்மா அவசரமாக.

பள்ளிக்கூடம் போகிற என்னைச் சித்தி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இடுப்பில் பிள்ளையோடு யார் நடந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார்கள்.

அந்த நடை எனக்குத் தொட்டில் ஆட்டுவதுபோல் சுகமாக இருந்தது. கீழே மஞ்சள் வெளிச்சத்தில் செங்கல் பாவிய தெரு, வாசற்படிகள், உடைந்த சங்குகள். நாங்கள் அந்த ஊரின் வானத்தில் மிதந்து போனோம். ஏதாவது ஒரு வாசலிலிருந்து யாராவது வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன்.

"சித்தி, அவங்களுக்கு நம்ம பாதம் மட்டுந்தான தெரியும்?"

சித்தி நின்றாள். கொஞ்ச நேரம் கீழேயே பார்த்தாள். பிறகு என்னை இறக்கிவிட்டாள்.

"பயப்படாத. இங்கனயே நில்லு."

விந்தி விந்தி, அவசரமே இல்லாமல், அந்தத் தெருவின் மறுமுனை வரை தனியாக நடந்தாள். நீலச்சட்டைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மா அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

நான் ஓவென்று அழுதேன். திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவும் அழுதாள். என்னை நடுத்தெருவில் இறக்கிவிட்டதற்காகத்தான் அழுகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. சித்தியோ மாப்பிள்ளை வீட்டாருக்கென்று வாங்கியிருந்த மக்ரோன் பொட்டலத்தைப் பிரித்து, ஜன்னலோரம் நிம்மதியாகத் தின்றுகொண்டு வந்தாள். எனக்கும் ஒன்றை நீட்டினாள். வீம்புக்கு நான் வாங்கவில்லை. என்னைவிடக் கனமான ஒன்றையும் அவள் அங்கே இறக்கிவைத்துவிட்டு வந்தாள் என்று எனக்கு எங்கே தெரியும்?