மூன்றாம் நாளுக்கு ஒன்றும் எழுதவில்லை

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகவே சொல்வேன். உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு மூன்று வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வாங்கிய பட்டம் அது. தெருவில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். வங்கிப் படிவம், மருந்துச் சீட்டு, செல்போனில் வரும் மெசேஜ் எதுவானாலும், "ஏத்தா, இதுல என்ன போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லு" என்று கருவாட்டு வாடை அடிக்கும் கையோடு நீட்டுவார்கள். தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டு, பிறகு செல்போனில் தேடிச் சரிபார்த்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். அவனுடைய ஒரே மகளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கார்த்திகை மாதக் கல்யாணத்தில் பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டு என் செல்போனில் படம் எடுத்தேன். மறுநாள் அடுப்படியில் மதினி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, இவ கண்ணு ஒண்ணு மட்டும் பூனைக்கண்ணு கணக்கா வெள்ளையா மின்னுதே, ஏன்?"

"அது ஃபிளாஷ் மதினி. போட்டோவுல அப்படித்தான் விழும்."

"ரெண்டு கண்ணுலயும்ல விழணும்?"

"வெளிச்சம் விழுற பக்கம் விழும். போட்டோவைப் பாத்துட்டா வைத்தியம் பாப்பாங்க?"

மதினி சிரித்துவிட்டு செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஒரு தடவை நான் தேடிச் சரிபார்க்கவில்லை.

சித்திரையில் பாப்பா நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். எப்போதும் இடது தோள்தான். இடது கண் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. ராமநாதபுரத்தில் காட்டினோம்; மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது கண்ணுக்குள் கட்டி. அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. கண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து. வலது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. சென்னையில் எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொண்டே கேட்டார்: "கண்ணுல வெள்ளையா மின்னுறதை முதல்ல எப்பப் பாத்தீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"இப்பத்தான் டாக்டரம்மா, இந்த மாசந்தான்" என்றாள் மதினி.

எனக்காகச் சொன்ன பொய் அது. அதைப் பற்றி இன்றுவரை நானும் மதினியும் பேசியதில்லை.

சென்னைக்குப் போக எங்களுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மதினிக்கு எட்டாம் மாதம். அவளால் வர முடியாது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அண்ணன் கரையில் இருந்தான். அவனும் நானும் பாப்பாவும் போவதென்று முடிவானது. பாப்பாவிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லக் கூடாது, சென்னை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது நான்.

"பிள்ளைக்குச் சொல்லிருவோம் தாயி" என்றான் அண்ணன். "காத்துன்னா காத்துன்னு சொல்லித்தானே எங்களையே கடலுக்கு விடுறாக. அவளும் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்."

"உனக்கு இதெல்லாம் புரியாதுண்ணே. பிள்ளைக மனசைப் பத்தி நான் படிச்சிருக்கேன்."

படிச்சிருக்கேன் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவன் வலை பின்னும் ஊசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

உண்மையில் நான் படித்தது செல்போனில் ஒரு பக்கம். பிள்ளையைப் பெரிய நகரத்துக்குக் கூட்டிப் போவது எப்படி என்று அதில் இருந்தது. திட்டம் போடும்போதே பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும், மத்தியானம் தூங்க வையுங்கள், பசிக்கு முன்னால் தீனி கொடுங்கள் என்றெல்லாம். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி அப்படியே செய்தேன். பாப்பா மடியில் உட்கார்ந்துகொண்டு என்னென்ன வேண்டும் என்று சொல்வாள். முதல் நாள் வண்டலூரில் புலி. இரண்டாம் நாள் மெட்ரோ ரயில், சாயங்காலம் மெரினா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் படம் வரைந்தாள். அவளுடைய புலிக்கு மீன் வால் இருந்தது.

"மூணாவது நாள் என்ன அத்தே?"

"அது இப்பச் சொல்ல மாட்டேன். அங்கன போய்ப் பாத்துக்க."

மூன்றாம் நாள் என்று எழுதி, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். அவள் பென்சிலோடு கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினாள்.

தெருவிலும் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தேன். பாப்பா காதில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்ற பேச்சு விழவே கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னபடியே நடந்தும் கொண்டார்கள். எங்கள் தெரு அப்படி வாய் காத்து நான் பார்த்ததில்லை. புறப்படும் நாள் காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எதிர்வீட்டுச் சித்தி வந்து பாப்பாவின் கையில் ஒரு பிஸ்கட் ரொட்டிப் பாக்கெட்டை வைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "நல்லாப் பாத்துட்டு வா ஆத்தா, புலியெல்லாம்" என்றாள். பின்னால் ஐஸ் கம்பெனிக்காரர் மனைவி ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் நாலு ஆரஞ்சும் கொண்டுவந்தாள். படகுக்காரர் வீட்டிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். எல்லோரும் பாப்பாவின் தலையைத் தடவினார்கள். ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ரொட்டிப் பாக்கெட்டுகளைப் பாப்பாவே தன் பையில் அடுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ராமநாதபுரத்தில் ரயில் ஏறினோம். காலையில் எழும்பூர்.

வண்டலூரில் நல்ல வெயில். வெள்ளைப் புலி மரத்தடியில் படுத்துக் கிடந்தது, எழுந்திருக்கவே இல்லை. "செத்துருச்சா அய்யா?" என்று பாப்பா கேட்க, "சாப்பிட்டுப் படுத்திருக்கு. உங்க ஆத்தா மத்தியானம் படுக்குறால்ல, அது மாதிரி" என்றான் அண்ணன். அவள் முகத்தை முழுதாக இடது பக்கம் திருப்பி, வலது கண்ணைக் கம்பிக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தாள். அப்படிப் பார்க்க அவளாகவே பழகியிருந்தாள். இத்தனை மாதம் என் கண் முன்னால்தான் பழகியிருக்கிறாள். அவள் புலியைப் பார்த்து நேராக நிற்கும்போது, இடது பக்கம் நின்றால் என் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் நான் அந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.

மறுநாள் மெட்ரோவில் ரயிலைவிட எஸ்கலேட்டர்தான் அவளுக்குப் பிடித்தது. படி தானாகப் போகிறது என்று கத்தினாள். அண்ணன் கீழேயே நின்றுவிட்டான். ஒரு காலைத் தூக்குவான், இறக்குவான். பின்னால் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அய்யா பயந்தாங்கொள்ளி! அய்யா பயந்தாங்கொள்ளி!"

"ஏ போடி. காத்துல ஆடுற போட்டுல நாள் பூரா நிப்பேன், இந்தச் சனியன்ல நிக்க மாட்டேன்."

கடைசியில் அவள்தான் அவன் கையைப் பிடித்து ஏற்றினாள். மேலே போய், திரும்ப இறங்கி, மறுபடி ஏறி, ஏழு தடவை. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மேல்படியில் நின்று காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தாள். மெரினாவில் மட்டும் அவளுக்கு ஏமாற்றம். "இது நம்ம கடல்தானே? இதுல எதுக்கு இம்புட்டுப் பேரு நிக்காக? மீன் ஏலமா?" என்றாள். அண்ணன் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டான். நானும் சிரித்தேன். திட்டம் நன்றாக நடக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அப்போது என் மேல் எனக்கே மதிப்பு வந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பாப்பா கேள்வி கேட்கவில்லை. கேட்டால் சொல்ல நான் ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ரத்தம் எடுத்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள், அழவில்லை. மத்தியானம் வார்டில் கட்டில் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். மாற்றுத் துணி எடுக்க நான் அவள் பையைத் திறந்தேன். பட்டுப் பாவாடைக்கு அடியில் ரொட்டிப் பாக்கெட்டுகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. இரண்டு நாளாகப் பசி என்றபோதெல்லாம் நாங்கள் வெளியில்தான் வாங்கிக் கொடுத்திருந்தோம்.

"இதை ஏன் சாப்பிடல பாப்பா?"

"அது ஆஸ்பத்திரியில சாப்பிடுறதுக்கு."

"ஆஸ்பத்திரின்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் ரொட்டி குடுத்தாகல்ல? ஆஸ்பத்திரிக்குப் போறவகளுக்குத்தானே ரொட்டி குடுப்பாக. டூருக்குப் போனா, எனக்கு என்ன வாங்கிட்டு வருவன்னுதானே கேப்பாக. என்னைய யாருமே கேக்கல."

எங்கள் தெருவில் அது அப்படித்தான். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களைச் சும்மா விட மாட்டார்கள். எனக்கு வளையல், எனக்குப் பொரி என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே பஸ் வரைக்கும் வருவார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ரொட்டியும் ஆரஞ்சும் கொண்டுவந்து பேசாமல் நிற்பார்கள். பிறந்ததிலிருந்து நான் பார்த்தது. சித்திக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வாயை மட்டும்தான் மூடச் சொல்லியிருந்தேன்.

"அப்ப ஏன் பாப்பா எங்கிட்டக் கேக்கல?"

"நீ நோட்டுல அழகா எழுதிக்கிட்டிருந்த" என்றாள்.

அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். "சொல்லிரு தாயி" என்றான், மெதுவாக.

அவளுக்கு ஆஸ்பத்திரி தெரிந்திருந்தது. கண்ணை எடுக்கப்போவது தெரியாது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வலது பக்கம் உட்கார்ந்தேன். இடது கண்ணுக்குள் ஒரு கெட்ட கட்டி இருக்கிறது என்றேன். அதற்காக நாளைக் காலையில் உன்னைத் தூங்க வைத்து அந்தக் கண்ணை எடுத்துவிடுவார்கள் என்றேன். வலிக்குமா என்று கேட்டாள். தூங்கும்போது தெரியாது, முழித்தபிறகு கொஞ்சம் வலிக்கும் என்றேன்.

"எடுத்துட்டு, கட்டியக் கழுவிட்டு, திருப்பி எப்ப வைப்பாக?"

"வைக்க மாட்டாங்க பாப்பா."

அவள் அழுதாள். வாயைத் திறந்து, சத்தம் வராமல், அண்ணன் மடியில் முகத்தை வைத்து வெகுநேரம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். நான் தொடப் போனபோது தோளைக் குலுக்கி என் கையைத் தள்ளிவிட்டாள்.

ஜன்னலில் வெயில் இறங்கிய பிறகு எழுந்து உட்கார்ந்தாள். மூக்கை அண்ணனின் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"நோட்டை எடு அத்தே. அதுல எழுது."

எடுத்தேன். மூன்றாம் நாள் என்ற வரிக்குக் கீழே, ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்று எழுதினேன். நாலாம் நாள் என்று போட்டு, பாப்பாவின் இடது கண்ணை எடுப்பார்கள் என்று எழுதினேன். அவள் எழுத்துக்கூட்டி விரல் வைத்துப் பார்த்தாள். கண் என்ற சொல்லை மட்டும் சரியாகப் படித்தாள்.

"அதுக்கடுத்த நாள்?"

வலது கண்ணை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டி எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றும் சொல்லியிருந்தார்கள். கார்த்திகையிலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று பதில்கள் வாயில் வந்தன. எல்லாம் நன்றாகச் சொல்லக்கூடிய பதில்கள்.

"தெரியல பாப்பா" என்றேன்.

அவள் என் முகத்தை அந்த ஒரு கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து எதிர்வீட்டுச் சித்தி கொடுத்த பாக்கெட்டைத் தேடி எடுத்தாள். பல்லால் கடித்துப் பிரித்து, முதல் ரொட்டியை அண்ணனுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. பாக்கெட்டை நடுவில், கட்டில் மேல் வைத்தாள். நானே எடுத்துக்கொண்டேன்.