மேட்டு மண்ணைத் திருப்பிக் கொடுத்தவர்

அருளப்பு அண்ணையின் மறைவுச் செய்தி வந்தபோது, நான் அவருடைய விண்ணப்பத்துக்குத்தான் முகப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். "தம்பி, அவர் விடிய எழும்பேல்லை," என்றார் தொலைபேசியில் அவரது மனைவி ரீற்றா அக்கா. கடிதத்தில் அரை வசனம் மிச்சமிருந்தது.

மன்னாரிலிருந்து அகதியாக வந்து, ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். நகருக்கு வெளியே, ஒரு சரிவின் அடியில் பழைய வீடொன்றை வாங்கினார். விலை ஏன் குறைவு என்பதை முதல் மழை விளக்கியது. மேட்டுச் சோளவயலின் மண், எந்த விண்ணப்பமும் இன்றி அவரது நிலவறையில் குடியேறியது.

அண்ணை சண்டைக்குப் போகவில்லை. மண்ணைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேட்டில் சோளம் விதைக்கும் கமக்காரரின் கதவைத் தட்டி, அவருடைய பொருள் தவறுதலாகத் தன் வீட்டுக்கு வந்துவிட்டதாகத் தெரிவித்தார். கமக்காரர் நன்றி கூறிக் கதவைச் சாத்தினார்.

நில உரிமையாளர்கள் சேர்ந்து மண் பாதுகாப்புச் சங்கம் அமைக்கலாம் என்று நகர அலுவலகத்தில் சொன்னார்கள். வரைபடம், உரிமையாளர் பட்டியல், பாதிப்பேருக்கு மேல் கையொப்பம் வேண்டும்; பிறகு கூட்டம், வாக்கெடுப்பு, ஒப்புதல். அதன்பின் சரிவின் குறுக்கே வரப்பு கட்டலாம், வடிகால் வெட்டலாம். சரிவில் ஒன்பது உரிமையாளர்கள். அண்ணையையும் சேர்த்துக் கீழே இருந்த நால்வரும் உடனே ஒப்பமிட்டார்கள். மேலே இருந்த ஐவருக்கு மண் போவதே தெரியவில்லை.

வேறு வீடு பார்க்கச் சொன்னேன்.

"ஒருக்கா ஓடி வந்தாச்சு, தம்பி. மண்ணுக்குப் பயந்தும் ஓட ஏலாது."

மழைக்கு மழை தள்ளுவண்டி மேடேறியது. மூன்றாவது இலையுதிர்காலத்தில், அதைக் கண்டதுமே கமக்காரர் பேனாவைத் தேடினார். அது ஐந்தாவது கையொப்பம். அடுத்த வாரம் அண்ணை போய்விட்டார்.

மிச்ச அரை வசனத்தையும் எழுதி விண்ணப்பத்தை அனுப்பினேன். இறந்தவரின் கையொப்பம் செல்லாது என்று அலுவலகம் ஆழ்ந்த அனுதாபத்துடன் எழுதியது. வாரிசுச் சான்றிதழ் கிடைத்ததும் ரீற்றா அக்கா ஒப்பமிடலாம். சான்றிதழுக்குப் போக அவர்கள் தந்த டெர்மின், அதாவது சந்திப்பு நாள், மழைக்காலம் முடிந்த பிறகுதான். மறுபடியும் நாலு பேர்.

அடக்கத்தன்று மழை. கமக்காரர் கறுப்புக் கோட்டுடன் வந்து, குழிக்குள் ஒரு கைப்பிடி மண் போட்டார். பிறகு வீட்டுக்கும் வந்தார். நிலவறை வாசலில் முழங்கால் அளவுக்குச் சேறு. அவர் தள்ளுவண்டியை எடுத்தார். நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

"கொட்டிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்றார் அக்கா.

மேட்டில் கொட்டித் திரும்பியபோது மழை வலுத்தது. எங்களுக்கு முன்னே மண் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள் அண்ணை. வண்டி வெளியில்தான் நிற்கிறது.